ஒரே படத்தில் பல பாடம்: இணையப் படங்களை வைத்து ஜெர்மன் கற்பிக்கும் முறை

படம் காட்டி மொழி கற்பிக்கிற வகுப்புகள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணிக்கையில்தான். நாற்பது சொல்லுக்கு நாற்பது படம் தேடி ஸ்லைடில் வரிசையாக ஓட்டினால் வகுப்பு கலகலப்பாக இருக்கும். அடுத்த வாரம் கேட்டால் பாதிகூட மிஞ்சாது. நல்ல படமாக ஒன்றை எடுத்து, பெயர்ச்சொல், பால், வினை, வேற்றுமை, கடைசியில் தேர்வு என எல்லாவற்றுக்கும் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். படம் மாணவருக்குப் பழகிவிடும். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

இங்கே ஜெர்மனின் தொடக்க நிலையான ஏ1 நிலையை எடுத்துக்கொள்கிறோம். நர்ஸ் வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஜெர்மனி போகத் தயாராகிறவர்களில் பலர் தமிழ் வழியாகத்தான் யோசிக்கிறார்கள். தமிழுக்கும் ஜெர்மனுக்கும் எங்கே இடிக்கிறதோ அங்கேதான் படம் அதிகம் உழைக்க வேண்டும். கட்டுரையின் வசதிக்காக ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உங்கள் பாட அட்டைகளில் அப்படி எழுத வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

நமக்குத் தேவையான படம் மிகச் சாதாரணமானது: தட்டு, கப், கிளாஸ், ஸ்பூன், முள்கரண்டி, கத்தி வைத்த சாப்பாட்டு மேசை. ஜெர்மனில் இந்த ஆறும் மூன்று பாலுக்கும் இரண்டிரண்டாக அமைந்திருக்கின்றன. 'டேர் டெல்லர்' (தட்டு), 'டேர் லோஃபெல்' (ஸ்பூன்) ஆண்பால். 'டீ காபெல்' (முள்கரண்டி), 'டீ டாஸெ' (கப்) பெண்பால். 'டாஸ் க்லாஸ்' (கிளாஸ்), 'டாஸ் மெஸ்ஸர்' (கத்தி) அஃறிணைப் பால். ஏ1 ஆசிரியருக்கு இதைவிடத் தோதான படம் கிடைப்பது அரிது.

படத்தைத் தேடுவது

கூகுளில் சொல்லைத் தனியாகத் தேடினால் ஏமாற்றம்தான். 'மெஸ்ஸர்' என்று தேடினால் வேட்டைக் கத்தியும் வரும். 'க்லாஸ்' என்றால் ஊறுகாய் ஜாடியும் வரும், ஏனென்றால் ஜெர்மனில் அந்தச் சொல் கண்ணாடி ஜாடிக்கும் உண்டு. அதனால் பொருளை விட்டுவிட்டுக் காட்சியைத் தேடுங்கள்: போடப்பட்ட மேசை என்ற பொருளில் 'கெடெக்டர் டிஷ்', காலை உணவு மேசை என்ற பொருளில் 'ஃப்ருஷ்டுக்ஸ்டிஷ்'. தேடல் சொல்லை ஜெர்மன் எழுத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். கூகுள் தேடல் அமைப்புகளில் முடிவுகளுக்கான நாட்டையும் ஜெர்மனி என்று மாற்றிக்கொள்ளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். தமிழில் 'காலை உணவு' என்று தேடினால் இட்லி, தோசை வருகிறது. ஜெர்மனில் தேடினால் சிறு ரொட்டியும் சீஸும் ஜாமும் அவித்த முட்டையும் வருகின்றன. மாணவர் நாளை அங்கே போய்ப் பார்க்கப்போவது இரண்டாவது மேசையைத்தான்.

வரும் படங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ள வேண்டியிருக்கும். கல்யாண மண்டப அலங்காரம்போல மடித்த நாப்கினும் மெழுகுவத்தியும் நிறைந்த படம் வேண்டாம். கண் எங்கெங்கோ போகும். தட்டு மட்டும் தெளிவாக இருந்து முள்கரண்டி மங்கலாகத் தெரியும் 'அழகான' போட்டோவும் வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் தனித்து நிற்கும் கிளிப் ஆர்ட்டில் அளவு தெரியாது. கப்பா வாளியா என்ற சந்தேகம் வரும். சற்று மேலிருந்து சாய்வாக எடுத்ததாக, ஆறு பொருளும் ஒன்றையொன்று மறைக்காததாக, பொருளுக்குப் பொருள் இடைவெளி உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் கிளாஸும் கப்பும் வெறும் வட்டமாகத் தெரியும் என்பதால் அதுவும் உதவாது.

ஒரு படம் தெளிவானதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஜெர்மன் தெரியாத மூன்று பேரிடம் படத்தைக் காட்டி, அம்புக்குறியிட்ட பொருளைத் தமிழில் என்னவென்று கேளுங்கள். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னால் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் 'கப்', இன்னொருவர் 'காபி', மூன்றாமவர் 'குடிக்கிறது' என்றால் அந்தப் படம் வகுப்பிலும் அதே குழப்பத்தைத்தான் தரும். மாணவர் மனதில் சொல் தவறான பொருளோடு ஒட்டிக்கொண்டால் அதைப் பிரித்தெடுப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம்.

உரிமம்

இணையத்தில் கிடைக்கிற படமெல்லாம் எடுத்தாள்வதற்கானது அல்ல. விக்கிமீடியா காமன்ஸ், ஓபன்வெர்ஸ் என்ற இரண்டு தளங்களிலும் உரிமத்தோடு படங்கள் கிடைக்கும். கூகுள் படத் தேடலில் 'கருவிகள்' பகுதியில் பயன்பாட்டு உரிமை என்ற வடிகட்டி இருக்கிறது. அது அந்தந்தத் தளம் சொல்வதை நம்பித்தான் காட்டுகிறது. மூலப் பக்கத்தைத் திறந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும் திறந்த உரிமத்தின் சுருக்கம்தான் சிசி. சிசி ஜீரோ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. சிசி பிஒய் என்றால் படைப்பாளி பெயர், எடுத்த இடம், உரிமம் மூன்றையும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் போட வேண்டும். என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) என்று இருந்தால் கட்டணம் வாங்கும் வகுப்புக்கு எடுக்காதீர்கள். என்டி என்று இருந்தால் மாற்றம் செய்த படத்தைப் பிறருக்குத் தர முடியாது. நாம் எண் போடவும் பொருளை அழிக்கவும் போகிறோம் என்பதால் அந்தப் படமே வேண்டாம். பொருத்தமான படம் சிக்கவில்லையென்றால் மேசையை நீங்களே போட்டுப் போனில் எடுத்துவிடுங்கள். உரிமச் சிக்கலே இருக்காது.

படத்தைத் தயார் செய்வது

திரையில் காட்ட நீளமான பக்கம் 1200 பிக்சல், போனில் பார்க்கும் பாட அட்டைக்கு 800 பிக்சல் போதும். ஸ்கூஷ் என்ற தளத்தில் பிரவுசரிலேயே அளவைக் குறைக்கலாம். ஜேபெக் தரத்தை 70 முதல் 75 வரை வைத்தால் படம் பெரும்பாலும் 150 கேபிக்குள் அடங்கும், கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி, சின்ன எழுத்துகளை மங்கலாக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

படத்தின்மேல் சொல்லை எழுதக் கூடாது. எழுத்து கண்ணில் பட்டால் மாணவர் பொருளைப் பார்க்கமாட்டார், எழுத்தைத்தான் வாசிப்பார். பொருளுக்குப் பக்கத்தில் எண் மட்டும் போட்டு, எண்ணுக்குரிய சொல்லை வேறு தாளில் கொடுங்கள். செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658ல் நியூரம்பெர்க்கில் அச்சிட்ட லத்தீன்-ஜெர்மன் படப் பாடநூலிலேயே படத்தில் எண், பக்கத்தில் சொல் என்ற இந்த முறை இருக்கிறது.

பாலுக்கு நிறம் கொடுப்பது ஜெர்மன் வகுப்புகளில் பரவலான பழக்கம்: ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, அஃறிணைப் பாலுக்குப் பச்சை. சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத மாணவர் வகுப்பில் இருக்கலாம். அவர் அதை வாய்விட்டுச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணைச் சுற்றி வடிவமும் சேர்த்துவிடுங்கள்: நீலச் சதுரம், சிவப்பு வட்டம், பச்சை முக்கோணம். ஒருமுறை முடிவு செய்த நிறத்தையும் வடிவத்தையும் ஆண்டு முழுக்க மாற்றாதீர்கள்.

முதல் இரண்டு வகுப்புகள்

ஆறு சொல்லையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஸ்பூன், முள்கரண்டி, கத்தி போன்ற ஓரினச் சொற்கள் சேர்ந்து வந்தால் ஒன்றோடொன்று குழம்பும். முதல் வகுப்பில் டெல்லர், காபெல், க்லாஸ். இரண்டாவதில் லோஃபெல், டாஸெ, மெஸ்ஸர். இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பாலும் ஒவ்வொன்றாக வந்துவிடும்.

படத்தைக் காட்டி, எண்ணைச் சுட்டி, பால் சுட்டும் சொல்லோடு ('டேர்', 'டீ', 'டாஸ்') சேர்த்தே மும்முறை சொல்லுங்கள். பிறகு சொல்லை நீங்கள் சொல்ல, எண்ணை மாணவர் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் எண்ணைச் சொல்லி, சொல்லை அவரிடம் கேட்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி முதலிலேயே பேசச் சொன்னால், காதில் சரியாக விழாத சொல்லை அவர் தமிழ் ஒலியில் உருட்டிப் பழகிவிடுவார்.

அடுத்து ஒரு பொருளை அழித்த படம். கூகுள் போட்டோஸில் உள்ள மேஜிக் எரேசர் கருவியால் ஸ்பூனை மட்டும் அழித்து வேறு பெயரில் சேமியுங்கள். கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தால் எந்த இடம் என்று உடனே தெரிந்துவிடும். அழித்தால் தேட வேண்டியிருக்கும், தேடும்போது மற்ற ஐந்து சொல்லும் மனதில் ஓடும். 'வாஸ் ஃபேல்ட்?' என்று கேளுங்கள், என்ன இல்லை என்று பொருள். 'டேர் லோஃபெல் ஃபேல்ட்' என்பது விடை. ஒரு வாரம் கழித்து அதே படத்தில் அடுத்த படி: 'இஷ் ப்ராவுஹெ ஐனன் லோஃபெல்', எனக்கு ஒரு ஸ்பூன் வேண்டும். இங்கே 'ஐன்' என்பது 'ஐனன்' ஆகிறது. ஆண்பாலில் மட்டும்தான் இந்த மாற்றம். தட்டையும் ஸ்பூனையும் அழித்த படங்களில் அது வரும், மற்ற நான்கில் வராது. விதியை நீங்கள் பலகையில் எழுதுவதற்கு முன்பே மாணவர் தானாகக் கண்டுபிடிப்பார். அதற்கு நேரம் கொடுங்கள்.

பன்மைக்கு இரண்டு பேருக்கு மேசை போட்ட இன்னொரு படம் போதும். டெல்லர், லோஃபெல், மெஸ்ஸர் மூன்றும் பன்மையில் மாறுவதில்லை. காபெல், டாஸெ, க்லாஸ் மூன்றும் மாறுகின்றன.

நிற்பதும் கிடப்பதும்

படம் இல்லாமல் தமிழில் விளக்கவே முடியாத இடம் இதுதான். நமக்கு மேசைமேல் எல்லாமே 'இருக்கிறது'. ஜெர்மனில் ஸ்பூன், முள்கரண்டி, கத்தி மூன்றும் 'லீக்ட்', அதாவது கிடக்கின்றன. கப், கிளாஸோடு தட்டும் 'ஷ்டேட்', நிற்கிறது. தட்டையாக இருக்கும் தட்டு நிற்பதாவது என்று மாணவர் கட்டாயம் கேட்பார். அடிப்பாகம் உள்ள பொருள் அந்த அடியிலேயே அமர்ந்திருந்தால் நிற்கிறது என்பது அவர்கள் பார்வை. இதை நிறுவ ஒரு ஜோடிப் படம் போதும்: கிளாஸ் நேராக இருப்பது ஒன்று, கவிழ்ந்து பக்கவாட்டில் கிடப்பது ஒன்று. புத்தகத்துக்கும் அப்படியே, அலமாரியில் நிற்கிறது, மேசையில் கிடக்கிறது.

இதையொட்டி வருவது வேற்றுமை. 'நேபன்' (பக்கத்தில்), 'அவுஃப்' (மேல்), 'உன்டர்' (கீழ்) போன்ற ஒன்பது முன்னிடைச் சொற்கள், பொருள் அங்கே இருந்தால் ஒரு வேற்றுமையையும், அங்கே போய்ச் சேர்ந்தால் இன்னொரு வேற்றுமையையும் ஏற்கின்றன. 'பள்ளியில்', 'பள்ளிக்கு' என்று நமக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் 'கிளாஸ் பக்கத்தில் இருக்கிறது', 'கிளாஸ் பக்கத்தில் வைக்கிறேன்' என்கிறபோது தமிழில் உருபு மாறுவதில்லை. மாணவர் தடுக்கி விழுவது சரியாக இந்த இடத்தில்.

இதற்குச் செலவில்லாத உத்தி ஒன்று இருக்கிறது. போனைப் புத்தகங்களில் சாய்த்து மேசையைப் பார்க்க வைத்து, மூன்று நொடி வீடியோ எடுங்கள்: கை வருகிறது, முள்கரண்டியைக் கிளாஸ் பக்கத்தில் வைக்கிறது, விலகுகிறது. அதன் கடைசிக் காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்குக் கேள்வி 'வோஹின்?' (எங்கே நோக்கி), விடை 'நேபன் டாஸ் க்லாஸ்'. அசையாப் படத்துக்குக் கேள்வி 'வோ?' (எங்கே), விடை 'நேபன் டேம் க்லாஸ்'. அசைந்தால் ஒன்று, அசையாவிட்டால் இன்னொன்று. சில நாளில் மாணவர் யோசிக்காமலே மாற்றிச் சொல்வார்.

கிளாஸில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தட்டில் தொடங்கினால் 'டேம் டெல்லர்', 'டேன் டெல்லர்' என்று கடைசி மெய் மட்டும் மாறும்; வேகமாகச் சொன்னால் காதுக்குத் தெரியாது. கப்பில் தொடங்கினால் 'டேர் டாஸெ' என்று வரும். நேற்றுதானே 'டீ டாஸெ' என்றீர்கள், இன்று ஆண்பாலாகிவிட்டதா என்ற கேள்வி எழும். கிளாஸில் 'டேம்', 'டாஸ்' தெளிவாகப் பிரிந்து கேட்கும். அது பிடிபட்ட பிறகு தட்டு, கடைசியாகக் கப். வீடியோவை ஜிஃப்பாக மாற்றாமல் எம்பி4 ஆகவே வைத்திருங்கள். ஜிஃப் கோப்பு பல மடங்கு பெருத்துவிடும்.

ஆங்கி அட்டையும் ஒலியும்

வீட்டுப் பயிற்சிக்கு, கேள்வி அட்டைகளைத் திருப்பிப் பார்க்க உதவும் ஆங்கி செயலியே போதுமானது. கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசம், ஐபோன் பதிப்புக்கு மட்டும் கட்டணம். கணினிப் பதிப்பில் 23.10 முதல் படத்தின் பகுதிகளை மறைத்துக் கேள்வியாக்கும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. மேசைப் படத்தை ஏற்றி ஆறு கட்டம் வரைந்தால் ஆறு அட்டைகள் கிடைக்கும். கட்டத்தைப் பொருள்மீதே போட்டுவிட்டால் கேட்கப்படும் பொருளே தெரியாமல் போகும். அதனால் இதற்கென்று மட்டும் சொல்லெழுதிய தனிப் படம் ஒன்றைத் தயாரித்து, கட்டத்தைச் சொல்மீது போடுங்கள். எல்லாவற்றையும் மறைத்து ஒன்றைக் கேட்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் மறைத்தால் மற்ற ஐந்தைப் பார்த்துக் கழித்தே விடை சொல்லிவிடலாம். நாளுக்கு 20 புது அட்டை என்பது ஆங்கியின் இயல்பு அமைப்பு. வேலைக்குப் போய்வந்து படிக்கிறவருக்கு அது அதிகம். எட்டு அல்லது பத்தாகக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் சில வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டிய அட்டைகள் மலையாகக் குவிந்து ஆளையே விரட்டிவிடும்.

அட்டையில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதக் கூடாது என்றோமே, இந்த முள்கரண்டிதான் சாட்சி. ஜெர்மனில் முள்கரண்டிக்கும் ஒயருக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு; ஒன்றில் 'கங்கை'யின் முதல் ஒலி, மற்றதில் 'கண்'ணின் முதல் ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் 'காபெல்'. எழுத்துக்குப் பதிலாக ஒலியைச் சேருங்கள். ஃபோர்வோ தளத்தில் தாய்மொழிக்காரர்கள் பதிந்த உச்சரிப்பு கிடைக்கும். ஜெர்மன் விக்சனரியிலும் ஒலிக்கோப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் சொல் மட்டும் இருக்கும், பால் சுட்டும் சொல் இருக்காது. அதையும் சேர்த்து நீங்களே பதிவு செய்வது நல்லது. 'லோஃபெல்' என்பதன் முதல் உயிர் தமிழில் இல்லாதது. நாக்கை 'எ' சொல்வதுபோல் வைத்து உதட்டை மட்டும் 'ஒ'வுக்குக் குவிக்கச் சொல்லுங்கள். செல்ஃபி கேமராவில் தன் உதட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னால் சீக்கிரம் வரும்.

மேசையிலிருந்து தெருவுக்கு

சொற்கள் பிடிபட்டதும் உண்மையான இடத்தைக் காட்டுங்கள். கூகுள் ஸ்ட்ரீட் வியூ ஜெர்மனிக்கு 2010ல் 20 நகரங்களோடு வந்தது. தனியுரிமை எதிர்ப்பால் ஏராளமான வீடுகள் மங்கலாக்கப்பட்டன, புதுப்பிப்பும் நின்றுபோனது. 2023ல்தான் புதுப் படங்கள் வரத் தொடங்கின. அதனால் இப்போது ரயில் நிலையத்திலிருந்து மருந்துக் கடை வரை நடந்து போகிற பாடமெல்லாம் சாத்தியம். 'ஃப்ரைபுர்க் நிலையத்திலிருந்து புறப்பட்டு, சிவப்பு 'ஏ' எழுத்துப் பலகையைக் கண்டுபிடி, வழியில் பார்த்த ஐந்து சொல்லை எழுது' என்பது போதுமான வேலை. அந்தச் சிவப்பு எழுத்து மருந்துக் கடையின் அடையாளம். சோப்பும் ஷாம்பும் விற்கும் 'ட்ரோகெரீ' வேறு கடை, அங்கே டாக்டர் சீட்டுக்கு மருந்து தரமாட்டார்கள். வகுப்பு நேரத்தில் இணையம் காலை வாரும். வழியின் ஸ்கிரீன்ஷாட்டுகளை முன்பே எடுத்துவையுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டுகளின் வார விளம்பரத் தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல பாடப்பொருள். 1,99 என்று காற்புள்ளி போட்ட விலை, பாட்டில் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் 0,25 யூரோ 'ஃபான்ட்'. அது காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் வைப்புத் தொகை. கூகுள் லென்ஸ் இதையெல்லாம் நொடியில் மொழிபெயர்த்துவிடும் என்பதால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் லென்ஸ்.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கும் படங்களை இந்த இடத்தில் பயன்படுத்தாதீர்கள். பெயர்ப்பலகை எழுத்தில் பிழை வரலாம், ரூபாய் நோட்டும் யூரோ நோட்டும் கலந்ததுபோல ஏதோ ஒன்று வரலாம், மாணவர் அதை உண்மை என்று நம்புவார். மேசைக்கு அடியில் யானை போன்ற, நிஜத்தில் கிடைக்காத காட்சிக்கு மட்டும் அதை நாடலாம். அப்போதும் யானை அடியில்தான் இருக்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தேர்வுக்கு

கோதே நிறுவனம் நடத்தும் ஏ1 பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் படம் உள்ள அட்டையை எடுத்து, அதை வைத்து ஒரு வேண்டுகோள் விடுக்க வேண்டும். ஸ்பூன் அழிந்த நம் மேசைப் படம் அதற்கு நேரான பயிற்சி: 'கொன்னன் ஸீ மிர் பிட்டெ ஐனன் லோஃபெல் கேபன்?' (தயவுசெய்து எனக்கு ஒரு ஸ்பூன் தர முடியுமா?) எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இரண்டிரண்டு பேராகப் பழக்குங்கள். மறுத்துச் சொல்லவும் பழக்குங்கள், எப்போதும் சரி என்றே சொல்லிப் பழகியவர் தேர்வில் திணறுவார்.

ஜெர்மனியில் குடியேறியவர்கள் ஒருங்கிணைப்பு வகுப்பின் முடிவில் எழுதும் டிடிஇசட் தேர்வில் போட்டோ ஒன்றை விவரித்து, தன் அனுபவத்தோடு சேர்த்துப் பேச வேண்டும். அதற்கும் இதே மேசை: முன்னால் என்ன, பின்னால் என்ன, இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில். முதலில் இந்த ஐந்து தொடக்கத் தொடர்களைத் திரையில் வைத்துப் பேசவிடுங்கள், பிறகு ஒவ்வொன்றாக நீக்குங்கள். அனுபவப் பகுதிக்கு மாணவர் தன் வீட்டுச் சாப்பாட்டுப் படத்தை எடுத்துவந்து ஜெர்மன் மேசைக்குப் பக்கத்தில் வைக்கட்டும். வாழையிலையில் ஸ்பூனும் இல்லை, முள்கரண்டியும் இல்லை. அதைச் சொல்ல அவருக்கு 'ஃபேல்ட்' சரிவராது, கையால் சாப்பிடுகிறோம் என்று சொல்ல 'மிட் டேர் ஹான்ட்' என்ற தொடர் தேவைப்படும். அதை அவர் கேட்ட பிறகு கொடுங்கள்.